மூடி திறக்கும் ஆசாமி

வாசகர்களே, பாம்பு வளர்ப்பவர் என்றதும் உங்கள் கண்முன் யார் வருகிறார் என்று எனக்குத் தெரியும். தோள் முழுக்கப் பச்சை குத்திக்கொண்டு, மலைப்பாம்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கடைவீதியில் நடந்து குழந்தைகளை அலறவைக்கிற தடியர். பாவம், அவரால் யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது. அவர் தன் பாம்பை வாரத்துக்கு ஒரு நாள் நினைத்துக்கொள்வார், மற்ற நாட்களில் அது நிம்மதியாக இருக்கும். ஆபத்தானவர் வேறொருவர். பார்க்க சாதுவாக இருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வெப்பமானி வைத்திருப்பார். "குட்டிப் பாம்பைச் சும்மா விடுங்கள், அதுவே பிழைத்துக்கொள்ளும்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வார். செய்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய், தன் குட்டிப் பாம்பு இருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்து, அது சும்மா இருக்கிறதா என்று பார்ப்பார்.

இந்த இனத்துக்கு மூடி திறக்கும் ஆசாமி என்று பெயர். அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தில், எங்கள் ஹேஸ் ஊர்ப் பக்கம் இந்த இனம் கோதுமையைவிட நன்றாக விளைகிறது. நானும் அந்த வயலில் விளைந்தவன்தான் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

இனத்தின் மிக நல்ல மாதிரி, எங்கள் ஊர்வன நேசர் சங்கத்தின் துணைத் தலைவர் லோவெல் கெர்ட்ஸ். தொழில் என்ன தெரியுமா? ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கோதுமை வயலைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம் மதிப்பிடுவது. மழை அடித்த மறுநாளே டிராக்டரோடு நிற்கும் விவசாயியைப் பார்த்து, "அவசரப்படாதீங்க. பயிரத் தொடாம பத்து நாள் விடுங்க. பாதி தானா எழுந்துக்கும்" என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அதை அவ்வளவு அழகாகச் சொல்வார். அவரே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மூடிய அடுப்பில் புகை போட்டு மாட்டிறைச்சி வேகவைத்தால், அடுப்பு மூடியை நிமிடத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்துப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டை ராத்திரிச் சாப்பாடு ஆக்கிவிடுவார். அவர் மனைவி ஜெனெல் இப்போதெல்லாம் புகைபோடும் நாளில் முன்னெச்சரிக்கையாக ரொட்டியும் வெண்ணெயும் தின்றுவிட்டுத்தான் காத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் ஒரு பன்றிமூக்குப் பாம்புக் குட்டி வாங்கக் கிளம்பினார்.

பன்றிமூக்கன் எங்கள் மண்ணின் பிள்ளை. மணலைத் தோண்டுவதற்குத் தோதாக மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். அதனால் பிறந்ததிலிருந்தே யாரையோ பிடிக்காத மாதிரி ஒரு முகம். ஆளைக் கண்டால் கழுத்தைப் பட்டையாக விரித்து, டயரில் காற்று இறங்குவதுபோலச் சீறி, வாயை மூடிக்கொண்டே பாய்ந்து முட்டும். அதற்கும் மசியாவிட்டால் மல்லாந்து, நாக்கைத் தொங்கவிட்டு, செத்துப்போனதாக நடிக்கும். கடிப்பது மட்டும் அபூர்வம். ஜெனெலின் தம்பி கோர்வின், பாம்பு வாங்கப்போகும் விஷயம் கேள்விப்பட்டு நேரில் வந்துவிட்டான். மாட்டுப் பண்ணையில் வேலை. முரட்டுக் காளையைக் கயிறு போட்டு இழுப்பவன், பாம்பு என்றால் மட்டும் நாற்காலி மேல் ஏறுகிறவன்.

"எங்கப்பா இதப் பாத்தா மண்வெட்டி எடுப்பாரு. நீ பர்ஸ எடுக்கறே. உனக்கு என்ன ஆச்சு மச்சான்?"

"உனக்குப் புரியாதுடா. இது ஒரு கலை."

"தோட்டத்துக்குப் பின்னாடி சும்மாவே கெடக்குமே அந்தக் கலை."

விச்சிட்டா நகரில் கண்காட்சி மைதானத்துக் கொட்டகையில் பாம்புச் சந்தை. போன வாரம் அதே இடத்தில் பன்றிகளுக்குப் பரிசு கொடுத்திருந்தார்கள், வாசனை இன்னும் போகவில்லை. லோவெல் காலையில் உள்ளே போனவர், கடையைக் கட்டும் நேரம் வரை வெளியே வரவில்லை. உங்கள் ஊரில் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் அத்தைகூட இவ்வளவு நோண்ட மாட்டாள். வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சாண் நீளத்துக்கு ஒரு கோபம். கண் தெளிவாக இருக்கிறதா, விலா ஒட்டியிருக்கிறதா, பின்பக்கம் சுத்தமா, வால் குட்டையா நீளமா, குட்டை என்றால் பெண்ணா, ஊரும்போது நேராக ஊர்கிறதா, பெற்றோர் யார், அவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறவர்களா. ஜாதகக் கட்டம் ஒன்றுதான் கேட்கவில்லை.

விற்றவள் ப்ரிட்டா என்ற பெண். கண்டிப்பானவள். ரோஜா நிறத்தில் மின்னிய ஒரு குட்டியை லோவெல் ஆசையாகப் பார்த்தபோது அவளே சொன்னாள்: "அது பேரழகி. ஆனா மீன் தண்ணில முக்கிக் குடுத்தாத்தான் எலிய வாயில வைக்கும். இந்தப் பழுப்பு நிறத்த எடுத்துக்கோங்க. கண் திறக்காத எலிக்குஞ்சு, ஐஸ்லேருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிப் போட்டா, மறு பேச்சு இல்லாம தின்னுடும். எல்லா வாரமும் தின்னுருக்கு."

"வீட்டுக்குக் கொண்டு போனா?"

"பெட்டில விடுங்க. ஒரு வாரம் மூடியத் தொடாதீங்க. அவ்ளோதான்."

லோவெல் புன்னகைத்தார். "அம்மா, இதப் பத்தி நான் மேடையில பேசறவன்."

"பேசுங்க. மூடியத் தொடாதீங்க."

நியாயத்தைச் சொல்லவேண்டும்: அவர் சரியான குட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார். அழகில் மயங்கவில்லை, நிறத்துக்கு இளகவில்லை. எங்கள் சங்கத்தில் யாரும் இவ்வளவு ஒழுங்காக வாங்கியதில்லை. குறையென்று ஒன்று அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்ததென்றால், அது டப்பாவுக்கு வெளியே தொப்பி போட்டுக்கொண்டு நின்றது.

குட்டிக்கு 'செனட்டர்' என்று பெயர் வைத்தார். கழுத்தை விரிக்கிறது, சீறுகிறது, பாய்கிறது, கடைசியில் ஒன்றும் செய்வதில்லை. வேறென்ன பெயர் வைப்பது? பெட்டி முதல் தரம். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, தோண்டுவதற்கு மரத்தூள், ஒளிந்துகொள்ள இரண்டு குகை, தண்ணீர்க் கிண்ணம். செனட்டர் உள்ளே போனதும் மரத்தூளுக்குள் புதைந்தது. லோவெல் மூடியைப் போட்டார், பூட்டினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தார். திறந்ததில் சூடு இறங்கியிருக்குமே என்று, இறங்கியதா என்று பார்க்கத் திறந்தார். குகை அதற்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, இடம் மாற்றி வைத்தார்; மாற்றிய இடம் பிடித்ததா என்று குகையைத் தூக்கிப் பார்த்தார். மறுநாள் தண்ணீர். அதற்கடுத்த நாள் தண்ணீர் குறைந்திருந்தால் குடித்திருக்கிறது என்று அர்த்தம், குறையாவிட்டால் குடிக்கவில்லை என்று அர்த்தம், இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதன் வேலைக்குப் போவது எப்படி? நீங்களே சொல்லுங்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் செனட்டர் மல்லாந்து விழுந்தது. வாய் பிளந்து, நாக்கு தொங்கி, அசைவில்லை. இதே நடிப்பைப் படமாக எடுத்து, மேடையில் போட்டுக் காட்டி, கூட்டத்தைச் சிரிக்கவைத்துக் கைதட்டு வாங்குகிறவர், "ஜெனெல்! ஜெனெல்! போயிடுச்சு!" என்று அலறினார்.

ஜெனெல் வந்து எட்டிப் பார்த்தார். "நடிக்குது. நீ இந்த எடத்த விட்டுப் போ, எழுந்துக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே சில நாள் அப்படிப் படுத்துக்கணும்னு தோணும்."

சாப்பாட்டு நாள் வந்தது. லோவெல் எலிக்குஞ்சை வெந்நீரில் வைத்து, துடைத்து, இடுக்கியில் பிடித்து, செனட்டரின் முன்னால் நீட்டினார். நீட்டிவிட்டு வேறெங்காவது போயிருக்கலாம். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பெட்டிக்குள் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் இலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூரையைப் பெயர்த்துவிட்டு, வீட்டைவிடப் பெரிய ஒரு முகம் உள்ளே வந்து, "சாப்பிடு கண்ணு" என்கிறது. உங்களுக்குச் சோறு இறங்குமா? செனட்டருக்கு இறங்கவில்லை. சீறியது, முட்டியது, புதைந்தது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. எலிக்குஞ்சை டின் மீன் தண்ணீரில் தோய்த்தார். டப்பா சாஸேஜ் தண்ணீரில் தோய்த்தார். கோழிச் சாற்றில் தோய்த்தார். வெளியில் பன்றிமூக்கன் விரும்பித் தின்பது தேரைதானே என்று, சங்கத்து நண்பர் ஒருவரிடம் தேரை ஒன்றை இரவல் வாங்கி, அதன் முதுகில் எலிக்குஞ்சைத் தேய்த்தார். தேரை அவர் கையில் மூத்திரம் பெய்தது, அவ்வளவுதான் பலன். வீடு மீன் கடை ஆகிவிட்டது. தெருப் பூனைகள் வாசலில் வரிசையில் உட்கார்ந்தன.

யாரிடமாவது யோசனை கேட்கவேண்டும். ஆனால் யாரிடம் கேட்பது? ஊர் முழுக்க யோசனை கேட்பதே இவரிடம்தான். துணைத் தலைவரின் குட்டி பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தால் மானம் என்ன ஆவது? ஆகவே லோவெல் சங்கத்தின் இணையக் குழுவில் 'கவலைப்படும் அப்பா' என்று ஒரு பொய்ப் பெயரில் நுழைந்து, நடந்ததையெல்லாம் எழுதி, "தயவு செய்து உதவுங்கள்" என்று கேட்டார்.

உடனே பத்துப் பேர் பதில் எழுதினார்கள். பத்துப் பேரும் எழுதியது ஒன்றே: இதற்கு நம் லோவெல்தான் பதில் சொல்லவேண்டும். லோவெல் எங்கே? லோவெலைக் கூப்பிடுங்கள்!

என்ன செய்வார்? சும்மா இருந்தால் சந்தேகம் வரும். கவலைப்படும் அப்பாவிலிருந்து வெளியேறி, லோவெலாக உள்ளே வந்து எழுதினார்: "அன்பரே, உங்கள் குட்டிக்கு ஒரு நோயும் இல்லை. அதன் நோய் நீங்கள்தான். எலியைப் போடுங்கள், மூடியை மூடுங்கள், வெளியே போங்கள். நீங்கள் அதைப் பராமரிக்கவில்லை, காவல் காக்கிறீர்கள்."

குழு ஆரவாரித்தது. பொருளாளர் ஆர்டித் அம்மாள், "இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பாம்பு விக்கறதையே சட்டம் போட்டுத் தடுக்கணும்" என்று எழுதினார். லோவெலுக்குச் சுருக்கென்றது. அவசரமாகக் கவலைப்படும் அப்பாவாக மாறி, "சொல்வது சுலபம் ஐயா! உங்கள் குட்டி பட்டினி கிடந்தால் அப்போது தெரியும்!" என்று லோவெலுக்குச் சூடாகப் பதில் கொடுத்தார். கொடுத்ததும் லோவெலுக்குக் கோபம் வந்தது. லோவெலாகப் போய், "அனுபவமுள்ளவர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் பணிவு வேண்டும்" என்று கவலைப்படும் அப்பாவை ஒரு போடு போட்டார். சாயங்காலம் பூராவும் இந்தச் சண்டை நடந்தது. குழுவில் எல்லோரும் லோவெல் பக்கம். நானும்தான்; விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கவலைப்படும் அப்பாவுக்காக ஒரு ஜீவன்கூடப் பேசவில்லை.

சிரித்தது போதும். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. செனட்டர் மெலிந்துவிட்டது. பக்கவாட்டில் தோல் மடிப்பு விழுந்து, முதுகெலும்பு நூல்போலத் தெரிய ஆரம்பித்தது. குட்டிப் பாம்பின் உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இன்னும் கொஞ்ச நாள், பிறகு மல்லாந்து விழுந்தால் நடிப்பாக இருக்காது. லோவெலுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாள் பெட்டி முன்னால் உட்கார்ந்து, வயல்களில் ஐம்பது பேர் அழுவதைப் பார்த்துப் பழகிய அந்த மனிதர் அழுதார். அந்தக் குட்டிமேல் அவருக்கு இருந்தது நிஜமான பிரியம். அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த லட்சணத்தில் விச்சிட்டாவில் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம். லோவெலின் சொற்பொழிவு, தலைப்பு 'குட்டியின் முதல் வாரங்கள்'. ஒரு ராத்திரி தங்கவேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டு நாள் வேறு. அவர் போகமாட்டேன் என்றார். ஜெனெல் துணிப் பெட்டியைக் கட்டி வண்டியில் வைத்து, கோர்வினுக்குப் போன் போட்டார்.

"சாகறேன்னு சொல்லு, வரேன். பாம்புக்குச் சோறு போடுன்னா வரமாட்டேன்" என்றான் கோர்வின்.

"அடுப்புல கறியும் பீன்ஸும் போட்டுச் சில்லி பண்ணி வச்சிருக்கேன். கூட இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் இருக்கு."

"எத்தன ரோலு?"

லோவெல் மைத்துனனுக்கு வாசலில் நின்று உத்தரவு போட்டார், வண்டியில் ஏறி உட்கார்ந்து போட்டார், வண்டி நகர்ந்த பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டார். கடைசி உத்தரவு காற்றில் போய்விட்டது.

கூட்டத்தில் அவர் மேடை ஏறுவதற்கு முன் கோர்வினுக்கு ஒரு போன் செய்தார்.

"எலியப் போட்டியா?"

"போட்டேன் மச்சான். இறைச்சி திருப்பற நீள இடுக்கி இருக்கு பாரு, அதுல புடிச்சு, கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன்."

"சாப்ட்டுச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மூடியக் கொஞ்சூண்டு தூக்கிப் பாரேன்."

"தூக்க முடியாது. மேல ட்ரக் பேட்டரி இருக்கு."

"பேட்டரியா! எதுக்குடா?"

"அது வெளிய வந்துட்டா? பேட்டரி வச்சு, மேல ஒரு போர்வையும் போட்டுருக்கேன். காத்து ஓட்டை பக்கவாட்டுலதான இருக்கு, அத அடைக்கல. ரூம் கதவச் சாத்திட்டேன். நான் இப்ப கார் ஷெட்ல ஒக்காந்து சில்லி தின்னுட்டு இருக்கேன்."

"கோர்வின், என் தங்கம், ஒரு தடவ போய்ப் பாரு. உசிரோட இருக்கான்னாவது பாரு."

"உன் பாம்பு செத்தாலும் பொழச்சாலும் நீ வந்துதான் பாக்கணும். என்னைய அந்த ரூமுக்குள்ள அனுப்பாத."

லோவெல் மேடை ஏறினார். அன்றைக்குப் பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதில்லை. குட்டிக்கு வேண்டியது இருட்டு, சூடு, அமைதி. உங்கள் அன்பு அதற்கு இடிமுழக்கம். திறந்த ஒவ்வொரு மூடியும் அதற்கு மேலிருந்து பாயும் ஒரு கழுகு. முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து, தன் குட்டி சாப்பிடவில்லை என்று கண் கலங்கினாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறாய், மகளே?" என்று அவர் கேட்டபோது அவர் குரலே உடைந்துவிட்டது. ஆர்டித் அம்மாள் மூக்கைச் சிந்தினார். ஜெனெல் மட்டும் கைக்குட்டைக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தோம்.

மறுநாள் வீடு திரும்பியதும் லோவெல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அறைக்கு ஓடினார். போர்வையை இழுத்தார். பேட்டரியை இறக்கினார். திறந்தார்.

எலிக்குஞ்சு இல்லை. மரத்தூளுக்கு மேலே, குகை வாசலில், செனட்டர் சுருண்டு படுத்திருந்தது. உடம்பின் நடுவில் அழகான ஒரு புடைப்பு. அவரைப் பார்த்ததும் கழுத்தை விரித்து, பழைய பலத்தோடு சீறியது.

லோவெல் மூடியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோர்வின் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்: "என்னாச்சு மச்சான்?"

"சாப்ட்டுருச்சுடா."

"நெஜமாவா? நான் ஒண்ணுமே செய்யலியே!"

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கண் விழித்துக் காத்தவர் இவர். மீன் தண்ணீரில் கை நாறியவர் இவர். தேரையிடம் மூத்திரம் வாங்கியவர் இவர். அது சாப்பிட்டதோ, தன்னைக் கண்டாலே ஆகாதென்று கார் ஷெட்டில் ஒளிந்துகொண்டவன் வைத்ததை. சந்தோஷத்தில் பாதியைப் பொறாமை தின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் இணையக் குழுவில் கவலைப்படும் அப்பா எழுதினார்: "சாப்பிட்டுவிட்டது! லோவெல் ஐயா சொன்னபடியே செய்தேன். அவருக்கு என் நன்றி." லோவெல் பெருந்தன்மையோடு, "பொறுமைக்குக் கிடைத்த பரிசு, அன்பரே" என்று பதில் எழுதினார். எல்லோரும் வாழ்த்தினோம். அடுத்த வருடத் தலைவர் அவர்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

இப்போது செனட்டர் கொழுகொழுவென்று இருக்கிறது. சாப்பாட்டு நாளில் ஜெனெல் எலிக்குஞ்சைப் போட்டு, மூடி, லோவெலின் கையில் தொப்பியைக் கொடுத்து, வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார். லோவெல் தெருக்கோடிக்கு வண்டியை ஓட்டிப்போய், இன்ஜினை அணைத்துவிட்டு, கோதுமை வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ரேடியோவில் மழை வருமா என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவர் காதில் விழாது. உலகத்தில் தான் மிகவும் நேசிக்கும் ஜீவனுக்குத் தன்னால் செய்யக்கூடிய பெரிய உதவி, இங்கே ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்திருப்பதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் வலிக்கிறது என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். நான் தைரியம் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன்.

உங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. நீங்கள் பாம்பு வளர்க்கவில்லை. வெளியூரில் முதல் வேலைக்குப் போயிருக்கும் மகளுக்கு ஒரு போன் செய்தீர்கள், அவ்வளவுதான். அவள் எடுக்கவில்லை, மறுபடி செய்தீர்கள். பிறகு அவள் அறைத்தோழிக்குச் செய்து, சாப்பிட்டாளா, என்ன சாப்பிட்டாள், ஏன் குரல் ஒரு மாதிரி இருந்தது என்று விசாரித்தீர்கள். இதோ இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதே இடது கை மெதுவாக எதையோ தேடுகிறதே, அது என்ன?

அவள் இப்போதுதான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போனைக் கீழே வையுங்கள்.